எஃப் விசையின் மேடு

தியோவிடம் வாங்கிய பழைய விசைப்பலகை.
தொண்ணூறு சொன்னான், எழுபது வெள்ளிக்குத் தந்தான்.
நீல ஸ்விட்ச். எழுத்துக்கு எழுத்து
பல்லி சொல்வதுபோல் ஒரு டக்.
நல்லதற்கா கெட்டதற்கா, தெரியவில்லை.
இடப்பக்க ஷிஃப்ட் கொஞ்சம் ஒட்டும் என்பதை
பணத்தை எண்ணிப் பையில் வைத்த பிறகு சொன்னான்.

பாயான் பாரு, பதினான்காம் மாடி,
இரவு இரண்டே முக்கால்.
தூக்கம் வராதவன் தட்டிப் பார்க்கிறேன்:
அணில், ஆடு, இலை, ஈ.
"யாருக்கு இந்நேரத்தில் கடுதாசி?"
உள்ளேயிருந்து தவமலர்.
ஈயோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சரக்கு விமானம் இறங்குகிறது.
கடல் பக்கம் முதலில் ஒரு விளக்கு,
அப்புறம் வயிறு,
சத்தம் கடைசியில்தான், தண்ணீர் பில் மாதிரி.
ஜன்னல் கண்ணாடி ஒருமுறை பல்லைக் கடித்துக்கொள்கிறது.
இன்ஜின் இரண்டா நான்கா என்று
கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.
அந்தத் திறமைக்கு யாரும் காசு தருவதில்லை.

காசு தட்டச்சுக்கு.
பகலில் பாயான் லெப்பாஸ் கிடங்கில்
பெட்டி எத்தனை, எடை என்ன, போய்ச் சேரும் ஊர் எது.
முப்பத்தொரு நகரங்களின் மூன்றெழுத்துச் சுருக்கம்
விரலுக்குத் தெரியும்.
காலுக்குத் தெரிந்தவை இரண்டு:
கோத்தா கினாபாலு, தங்கை கல்யாணத்துக்கு.
திருச்சி, பெட்டி மறுநாள்தான் வந்தது.

போன மாதம் எங்கோ இரண்டு நாடுகள்
ஒன்றுக்கொன்று வானத்தைச் சாத்திக்கொண்டன.
விமானங்கள் சுற்றிக்கொண்டு போகின்றன.
அந்தக் கோபம் என் மேசைக்கு வந்தபோது
படிவத்தில் புதிதாய் ஒரு கட்டம்,
பதினேழாவது:
கூடுதல் எரிபொருள்.
நிரப்புகிறேன். யார் பக்கம் நியாயம் என்று கேட்க
கட்டத்தில் இடமில்லை.

இங்கே சட்டமன்றம் கலைந்த வாரம்
எங்கள் புளோக்கில் லிஃப்ட் இரண்டும் ஓடின.
மாதாமாதம் கலைத்தால் தேவலை என்கிறான் தியோ.
வேட்பாளர் லிஃப்டில் என் கையைக் குலுக்கினார்,
ஒன்பதாம் மாடி முதல் பதினான்கு வரை விடவில்லை.
மூன்று தேர்தல், மூன்று கட்சி, அதே மோதிரம்.
ஓடுபாதை ஓரத்துக் காற்றுப்பை நினைவுக்கு வந்தது.
சேச்சே, அதை ஏன் இழுப்பானேன்.
அது ஒரே கம்பத்தில் நின்றுதானே திரும்புகிறது.

மச்சான் கமலேசன் குரல் அனுப்பியிருக்கிறான்,
ஏழு நிமிடம்.
நம்மாளுக்கு எத்தனை சீட்டு, யார் விற்றார்கள், எவ்வளவுக்கு.
இரட்டை வேகத்தில் ஓடவிட்டால்
அவன் ஆத்திரம் சிட்டுக்குருவிபோல் கேட்கிறது.
பதில் அடித்தேன். அழித்தேன்.
எந்த விசைப்பலகையிலும்
முதலில் தேய்வது அழிக்கும் விசைதான்.

ஒன்று கவனித்திருக்கிறேன்.
ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால்
முந்தியதன் தலையில் தானே ஒரு புள்ளி விழுந்துவிடும்.
வாய் மூடியது முதலில் வந்தவர்.
கமலேசனிடம் சொன்னால் இதுதான் கூட்டணி என்பான்.

மற்ற நேரத்தில் புள்ளியை நாமே வைக்க வேண்டும்.
அது எஃப் விசையில்.
இருட்டிலும் தடவிக் கண்டுபிடிக்க
அங்கே ஒரு சின்ன மேடு.
இடக்கை ஆள்காட்டி விரல் அதன்மேல்
எப்போதும் காத்திருக்கும்,
உயிரை எடுத்துவிட்டு மெய்யை நிற்கவைக்க.

சனிக்கிழமை அதே விரலில்தான் மை.

போன முறை ஓட்டுப் போட்டுவிட்டு நேரே வேலைக்குப் போனேன்.
மை காயவில்லை.
ஆபீஸ் விசைப்பலகையில் அந்த மேட்டின்மேல்
கருநீலமாய் ஒரு கறை.
ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தும் போகாமல்
இன்னும் இருக்கிறது.
அரசாங்கம்தான் நடுவில் ஒருமுறை மாறியது,
யாரும் எங்கும் விரலை நீட்டாமலே.

ஷிஃப்ட் மறுபடி ஒட்டிக்கொண்டது.
தியோவை நாளைக்குப் பார்க்க வேண்டும்.
மூன்று மணி விமானத்தையும் இன்னும் காணோம்.